பாட்டிலுக்குக் காவல் இருந்தவனும் ஒரு ஃபிட்னஸ் பேண்டும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது ஓடப் போகிறவர்களுக்கான ரிவ்யூ இல்லை. தூக்கத்தைச் சரியாக அளக்கிறதா, நீச்சல் குளத்தில் இறங்கலாமா, ஜி.பி.எஸ். உண்டா என்று தேடி வந்தவர்கள் வேறு ரிவ்யூ பார்த்துக்கொள்ளுங்கள். 1,899 ரூபாய்க்குத் தள்ளுபடியில் வாங்கிய ஒரு சாதாரண ஃபிட்னஸ் பேண்டை, ஆட்டிசம் உள்ள 13 வயதுப் பையனுக்குக் கட்டிவிட்டு ஏழு மாதம் பள்ளிக்கு அனுப்பியதில் என்ன தெரிந்தது என்பதுதான் இங்கே விஷயம். பிராண்ட் பெயர் எழுதவில்லை. என் தங்கை வீட்டில் இருப்பது வேறு கம்பெனி, அதே விலை, அதுவும் இதே கூத்துதான் அடிக்கிறது.

ஏன் வாங்கினேன் என்றால், ஜூலையில் பள்ளியில் பெற்றோர் கூட்டம். வகுப்பு டீச்சர் மார்க் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, "தம்பி ரொம்ப வெயிட் போட்டுட்டான் சார், வீட்ல கொஞ்சம் எக்ஸர்சைஸ் பண்ண வைங்க" என்றார். உண்மைதான். ஒரே வருஷத்தில் 51 கிலோவிலிருந்து 62. இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டரும் அதையே சொல்லியிருந்தார், கோபத்தைக் கட்டுப்படுத்தக் கொடுக்கிற மாத்திரையில் பசி கூடும், அதனால் நடமாட்டம் வேண்டும் என்று. எல்லாரும் சொன்னதைக் கேட்டு நானும் பையன் சோம்பேறி ஆகிவிட்டான் என்று நம்பிவிட்டேன். ஆனால் ஒன்று இடித்தது. காலை எட்டேகாலுக்கு வேன் ஏறுகிறவன் மாலை நாலரைக்குத்தான் இறங்குகிறான். விழித்திருக்கிற நேரத்தில் பாதிக்கு மேல் பள்ளியில்தான் போகிறது. அங்கே அவன் எவ்வளவு நகர்கிறான் என்று எனக்குத் தெரியாது, அவனிடம் கேட்கவும் முடியாது. "இன்னைக்கு விளையாடினியா?" என்றால் "விளையாடினியா" என்பான். கேள்வியே பதிலாகத் திரும்பி வரும். வாய் சொல்லாததை மணிக்கட்டு சொல்லட்டும் என்றுதான் வாங்கினேன்.

பெட்டியைப் பிரித்ததும் வந்த முதல் பிரச்சினை பட்டை. சிலிக்கோன் பட்டை. நமக்கு ஒன்றுமில்லை, இவனுக்கு அது மணிக்கட்டில் ஒரு அட்டைப்பூச்சி ஒட்டிக்கொண்ட மாதிரி. பனியனில் இருக்கும் லேபிளைக்கூட வெட்டிவிட்டுத்தான் போட வேண்டிய பையன் இவன், இதை நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். முதல் நாள் நாலு நிமிடம் இருந்தது. இரண்டாம் நாள் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டான், தேடி எடுக்க அரை நாள். அப்புறம் திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் பக்கத்தில் ஒரு மொபைல் கடையில் துணி மாதிரி நெய்த நைலான் பட்டை 250 ரூபாய்க்குக் கிடைத்தது, அது கொஞ்சம் பரவாயில்லை. ஆனாலும் கையில் இருந்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திரையை அமுக்கிப் பார்க்கிறான், வகுப்பில் பாடம் கெடுகிறது. கடைசியில் சாக்ஸுக்கு மேலே, கணுக்காலில் கட்டினோம். சாக்ஸ் இருப்பதால் தோலில் படாது, கால்சட்டைக்குள் மறைவதால் மற்ற பசங்களும் பிடித்து இழுக்க மாட்டார்கள். கட்டுகிறவர்களுக்கு ஒரு யோசனை: முதலில் அதிர்வை அணையுங்கள். "ஒரு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள்" என்று அது டர்ர்ர் என்று அதிர்ந்ததில் என் பையன் வேனுக்குள் செருப்பைக் கழற்றி வீசிவிட்டான். கையைத் தூக்கினால் திரை எரிகிற வசதியையும் அணைத்துவிடுங்கள்.

காலில் கட்டுவதற்கு முன்னால் நான்கு நாள் படக்கதை ஒன்றைச் செய்து காட்டினோம். அவன் கால், சாக்ஸ், பேண்ட், பள்ளி வேன், மாலையில் வீடு, பேண்ட் கழற்றுவது என்று ஆறே ஆறு போட்டோ. எப்போது கழற்றுவோம் என்று தெரிந்துவிட்டால் அவனுக்குப் போதும், அதுவரைக்கும் பொறுத்துக்கொள்வான். இந்த வேலை பேண்ட் கம்பெனியின் கையேட்டில் இருக்காது.

இப்போது அளவைக்கு வருகிறேன். இதில்தான் நான் ஏமாந்தேன். கையில் கட்டியிருந்த அந்த முதல் வாரத்தில் ஒரு நாள் 14,200 ஸ்டெப்ஸ் காட்டியது. வீட்டில் ஒரே சந்தோஷம், என் மனைவி டீச்சருக்கு ஸ்க்ரீன்ஷாட்கூட அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை டி.வி. முன்னால் உட்கார்ந்து ரயில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கும்போது எதேச்சையாகப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் 3,100 ஸ்டெப்ஸ் ஏறியிருக்கிறது. ஆள் சோபாவை விட்டு எழவே இல்லை. கை மட்டும் பறவை மாதிரி அடித்துக்கொண்டே இருந்தது. சந்தோஷம் வந்தால் அவன் கையை அப்படித்தான் ஆட்டுவான், எஞ்சின் வளைவில் திரும்புகிற காட்சி வந்தால் இரண்டு கையும் சேர்ந்து ஆடும். பேண்டுக்குள் இருக்கிற சென்சாருக்குத் தெரிவது அசைவு மட்டும்தான். சீரான இடைவெளியில் ஆட்டம் வந்தால் நடக்கிறார் என்று அது கணக்குப் போட்டுவிடும், நடப்பதா கையடிப்பதா என்று கேட்பதற்கு அதற்கு ஏது வழி. கையில் ஸ்டெப் எண்ணுகிற எந்தக் கருவியையும் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கட்டுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் "கையை ஆட்டாதடா" என்று பிள்ளையிடம் சொல்லிவிடாதீர்கள். கை ஆட்டம் அவன் பாஷை, பேண்டுக்காக அதை நிறுத்துவது அநியாயம்.

கணுக்காலுக்கு மாற்றினதும் கணக்கு ஒழுங்குக்கு வந்தது. மொட்டை மாடியில் நான் வாய்விட்டு எண்ணிக்கொண்டு 200 எட்டு நடக்க வைத்துப் பார்த்தேன். கையில் இருந்தபோது 200க்கு 260, 310 என்று தாறுமாறாகக் காட்டியது, காலில் 188, 195. இது போதும். ஊஞ்சலில் ஆடினால் கொஞ்சம் கூடுதலாக எண்ணுகிறது, வேன் வேகத்தடையில் ஏறி இறங்கினாலும் பத்திருபது சேர்த்துக்கொள்கிறது, அதைத் தள்ளிவிடலாம். நாடித்துடிப்பு அளக்கிற வசதி காலில் சாக்ஸுக்கு மேலே வேலை செய்யாது, அது எனக்கு நஷ்டமும் இல்லை. கையில் இருந்த நாட்களில் ஒரு தடவை காலை அசெம்பிளி நேரத்தில் 128 காட்டியது. அப்போது அவன் வரிசையில் சும்மா நின்றுகொண்டிருந்தான், மைக் கீச்சிட்டிருக்கிறது, அவ்வளவுதான். பயத்தில் துடிக்கிற நெஞ்சை உடற்பயிற்சி என்று ஆப் பச்சை நிறத்தில் போட்டுப் பாராட்டியது. ஆய்வு செய்கிறவர்கள் இதே மாதிரி சென்சாரைப் பல நேரம் இடுப்பில் பெல்ட்டில் கட்டி, மொத்த எண்ணிக்கையைவிட, மூச்சு வாங்குகிற அளவுக்கு எத்தனை நிமிடம் நகர்ந்தார்கள் என்று ஏன் பார்க்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அந்த நிமிடக் கணக்கு முக்கியம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் 5 வயது முதல் 17 வயது வரை சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிடம், மிதமாகவோ வேகமாகவோ உடல் அசைய வேண்டும் என்று இருக்கிறது, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளுக்கும் அதே 60 நிமிடம்தான். அவர்களுக்கென்று குறைத்த கணக்கு எதுவும் கிடையாது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் மற்ற பிள்ளைகளைவிடப் பொதுவாகக் குறைவாக நகர்கிறார்கள், பதின்வயதுக்கு வர வர இடைவெளி கூடுகிறது என்று வெளிநாட்டு ஆய்வுகள் பல சொல்கின்றன. இதெல்லாம் நான் படித்தது. என் வீட்டு விஷயத்தை அந்த ஆப்பில் இருக்கிற மணிவாரி கிராஃப்தான் சொன்னது. இந்தப் பொருளில் காசுக்கு மதிப்பான ஒரே இடம் அதுதான். மொத்த ஸ்டெப்ஸைப் பார்க்காதீர்கள், எந்த மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

இரண்டு வாரம் பள்ளி நேரக் கிராஃபை நோட்டில் எழுதி வைத்தேன். செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் 11.20க்கு பி.டி. பீரியட். எட்டாம் வகுப்பில் எல்லாரும் உயிரை விடுகிற பீரியட் அது. அந்த நாற்பது நிமிடத்தில் என் பையன்: 64 ஸ்டெப்ஸ், 90, 71, இன்னொரு வெள்ளிக்கிழமை 12. வகுப்பிலிருந்து கிரவுண்டுக்கு நடக்கவே அறுபது ஸ்டெப்ஸ் ஆகும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆச்சரியம் என்னவென்றால் மதியம் சாப்பாட்டு இடைவேளையில் தினமும் 1,000, 1,100 என்று ஒரு கூர்மையான கோபுரம் நின்றது. யாரும் விளையாடச் சொல்லாத நேரத்தில் நடக்கிறான், விளையாட்டு பீரியடில் மட்டும் உட்கார்ந்திருக்கிறான். சோம்பேறி செய்கிற வேலையா இது?

ஒரு செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு, கட்டணம் கட்டுகிற சாக்கில் பள்ளிக்குப் போனேன். பள்ளி பெயர் வேண்டாம், நல்ல பள்ளிதான், எங்களைச் சேர்த்துக்கொண்டதே பெரிது என்று பல வருஷம் நினைத்தவன் நான். கிரவுண்டில் ஒரு பக்கம் வாலிபால், இன்னொரு பக்கம் கபடி. விசில் சத்தம் காதைக் கிழிக்கிறது. வேப்ப மரத்தடியில் சிமெண்ட் படியில் என் பையன் உட்கார்ந்திருக்கிறான், அவனைச் சுற்றி நாற்பது, ஐம்பது தண்ணீர் பாட்டில். நீலம், பச்சை, ஸ்டீல், எல்லாம் வரிசையாக, மூடி ஒரே திசையைப் பார்த்த மாதிரி அடுக்கி வைத்திருக்கிறான். தாகம் எடுத்த பையன் ஓடி வருவான், இவன் சரியான பாட்டிலை எடுத்து நீட்டுவான். யாருடையது எது என்று அத்தனையும் அவனுக்குத் தெரியும். பக்கத்தில் ஆயாம்மா, "கண்ணு சமத்தா உக்காந்திருக்குது சார், ஒரு தொந்தரவு இல்ல" என்றார். தொந்தரவு இல்லை என்பதுதான் அங்கே அவன் வாங்கின மார்க்.

பி.டி. சார் மேல் எனக்குக் கோபம் வந்தது, அவர் பேசினதும் போய்விட்டது. "கோவிச்சுக்காதீங்க சார். 52 பசங்க, நான் ஒருத்தன். பந்து வந்து மூஞ்சில பட்டுச்சுன்னா நாளைக்கு நீங்கதான வந்து நிப்பீங்க? இவங்களுக்கு எப்படிச் சொல்லிக்குடுக்கணும்னு எங்களுக்கு ஒரு நாள் ட்ரெயினிங்கூடக் குடுக்கல." பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார். நாலாம் வகுப்பில் சேர்த்தபோது பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நானே ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேனாம், அது இன்னும் ஃபைலில் இருக்கிறது. எனக்கு மறந்தே போயிருந்தது. "கூட்டமாக விளையாடும் இடங்களில் விட வேண்டாம்" என்று என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். நாலு வருஷமாக அவர்கள் என் பேச்சைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

அவனுக்கு வாலிபால் ஏன் ஆகாது என்று ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி) மேடம் விளக்கினது இங்கே எழுதுகிறேன், மற்ற பெற்றோருக்கு உதவும். வருகிற பந்தைப் பார்த்து, அது எங்கே விழும் என்று கணித்து, கையை அந்த நேரத்துக்குக் கொண்டுபோவது என்பது நமக்கு ஒரு வேலை, இவர்களில் பல பிள்ளைகளுக்கு மூன்று வேலை. உடம்பு எந்த இடத்தில் எப்படி நிற்கிறது என்ற உணர்வே சிலருக்கு மங்கலாக இருக்கும், நுனிக்காலில் நடப்பவர்கள் உண்டு, தசை தளர்வாக இருப்பதால் சீக்கிரம் களைப்பவர்கள் உண்டு. அதற்கு மேல் விசில், கத்தல், வெயில், வியர்வையில் முதுகோடு ஒட்டுகிற சட்டை. அதற்கும் மேல், எதிரே நிற்கிறவன் பாஸ் தருகிற மாதிரி ஏமாற்றுகிறானா என்று முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். எது எப்போது முடியும் என்று சொல்ல முடியாத விளையாட்டு வேறு. ஓட்டம், நீச்சல், சைக்கிள், ஸ்கிப்பிங் இதெல்லாம் அப்படி இல்லை. இங்கே ஆரம்பம், அங்கே முடிவு, நடுவில் யாரையும் படிக்க வேண்டாம். ஆட்டிசம் உள்ள ஜியா ராய் என்ற மும்பைப் பெண் 2022இல், 13 வயதில், தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரைக்கும் கடலில் நீந்தி வந்தாள். அதைக் காட்டி என் பையனும் நீந்துவான் என்று நான் கனவு காணவில்லை, அவனுக்குத் தலையில் தண்ணீர் பட்டால் ஆகாது. ஆனால் உடம்பால் முடியாது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்களிடம் சொல்ல ஒரு பெயர் கையில் இருப்பது நல்லது.

சட்டமும் இருக்கிறது. 1995 சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசமே கிடையாது. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில்தான் சேர்த்தார்கள், அதன் 16ஆம் பிரிவில் அரசு உதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் மற்றவர்களுக்குச் சமமாக விளையாட்டு, பொழுதுபோக்கு வாய்ப்பு தர வேண்டும் என்று எழுதியே இருக்கிறது. அதையும் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டுதான் தலைமையாசிரியை அறைக்குப் போனேன். வெளியே எடுக்க வேண்டிய வேலையே வரவில்லை. இரண்டு வாரக் கிராஃபை மேஜையில் வைத்தேன். செவ்வாய் 11.20க்குத் தரை, மதியம் 12.50க்குக் கோபுரம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "மதியம் இவன் எங்க நடக்கிறான்?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. ஆயாம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டால், சாப்பிட்டதும் காம்பவுண்ட் சுவரை ஒட்டி ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே சுற்றிச் சுற்றி வருவானாம், தினமும். இத்தனை வருஷமாக அவனே தனக்கு ஒரு பி.டி. பீரியட் வைத்துக்கொண்டிருக்கிறான், நாங்கள்தான் பார்க்கவில்லை.

அங்கிருந்துதான் தொடங்கினோம். புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, அவன் நடக்கிற அந்தச் சுற்றையே பி.டி. பீரியடுக்குக் கொண்டுவந்தோம், அவ்வளவுதான். சுவரை ஒட்டிச் சுண்ணாம்பில் ஒரு கோடு. ஆரம்பத்தில் ஒரு வாளியில் பத்து சோடா மூடி, ஒரு சுற்று முடிந்தால் ஒரு மூடியை எடுத்து அடுத்த வாளியில் போட வேண்டும். முதல் வாளி காலியானால் முடிந்தது. எத்தனை சுற்று பாக்கி என்று கண்ணால் பார்க்க முடிகிறது, அதனால் அவனுக்குப் பதற்றம் இல்லை. விசிலுக்குப் பதில் சார் கையை உயர்த்தி இறக்குவார். முதல் வாரம் நடந்தான், மூன்றாம் வாரம் சுவரிலிருந்து கையை எடுத்தான், கையை எடுத்ததும் வேகம் தானாக வந்துவிட்டது. அவனுடைய வகுப்புப் பையன் ஒருவன் கூட ஓடுகிறான். முதலில் டீச்சர் சொல்லி ஓடினான், இப்போது கபடியில் அவுட் ஆனவர்கள் எல்லாரும் வந்து இந்த வரிசையில் சேர்ந்துகொள்கிறார்களாம். ஓடும்போது என் பையன் சத்தமாக "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஸ்டேஷன் அறிவிப்பு சொல்லிக்கொண்டே ஓடுகிறான் என்று கேள்விப்பட்டேன். பின்னால் வருகிற பசங்க கூட்டாக "வண்டி எண்" என்று எடுத்துக் கொடுக்கிறார்களாம். கேலியா பாசமா என்று கொஞ்ச நாள் குழம்பினேன். அவன் சிரித்துக்கொண்டு ஓடுகிறான் என்று ஆயாம்மா சொன்னதும் விட்டுவிட்டேன்.

எண்ணிக்கைக்கு வந்தால், பி.டி. பீரியட் இப்போது சராசரியாக 2,400 ஸ்டெப்ஸ். அறுபது நிமிடக் கணக்குக்கு இது போதாது, வாரத்துக்கு இரண்டு நாள்தானே. மிச்சத்துக்குக் காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ரயில் வருகிற நேரத்துக்கு ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வரைக்கும் நடை. "வாக்கிங் போலாம்" என்றால் அசைய மாட்டான், "பல்லவன் வருது" என்றால் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டாவது கிளம்பிவிடுவான். ஸ்டேஷனில் கை ஆடுவதைப் பார்க்க வேண்டும். பேண்ட் காலில் இருப்பதால் அதை ஸ்டெப்ஸில் சேர்ப்பதில்லை, நல்ல வேளை. எடை இரண்டு கிலோதான் குறைந்திருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றுவிட்டது.

ஆனால் ஒன்று. டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வந்தது, கிராஃப் மறுபடியும் தரை. செவ்வாய் பீரியடைக் கணக்கு டீச்சர் வாங்கிக்கொண்டார், வெள்ளி பீரியடை அறிவியல் டீச்சர். இதை ஆட்டிசத்தின் தலையில் போட முடியாது, 52 பேர் கிராஃபும் அன்றைக்குத் தரையாகத்தான் இருந்திருக்கும். மற்ற பிள்ளைகள் மாலையில் தெருவில் கிரிக்கெட் ஆடி ஈடுகட்டிக்கொள்வார்கள், எங்கள் தெருவில் இவனை யாரும் டீமில் கூப்பிடுவதில்லை. இவனுக்குப் பள்ளியில் போனால் போனதுதான். சிறப்புக் கல்வி மேடமும் கையெழுத்துப் பயிற்சிக்கு இவனைக் கூட்டிப்போவது பி.டி. பீரியடில்தான், கணக்கு பீரியடில் கூட்டிப்போனால் பாடம் போய்விடுமாம். தனிப்பட்ட கல்வித் திட்டம் என்று ஒரு தாள் வருஷா வருஷம் கையெழுத்துக்கு வரும், அதில் எழுத, படிக்க, எண்ண என்று பதினோரு இலக்கு. உடம்பு பற்றி ஒரு வரி கிடையாது. இந்தத் தடவை நானே பேனாவால் பன்னிரண்டாவதாக எழுதிக் கொடுத்தேன். பழைய கடிதத்தையும் ஃபைலிலிருந்து கேட்டு வாங்கிக் கிழித்துவிட்டேன்.

சரி, மறுபடியும் பேண்ட். குறைகளைச் சொல்லாவிட்டால் ரிவ்யூ ஆகாது. ஆப்பில் பிள்ளை பெயரில் கணக்குத் தொடங்க வயது இடிக்கிறது, என் பெயரில்தான் தொடங்கினேன், அதனால் 44 வயது ஆள் நடக்கிற கணக்கில் கலோரி காட்டுகிறது. கலோரி எண்ணை எப்படியும் நம்ப வேண்டாம். ஒரு வாரம் போனோடு இணைக்காவிட்டால் மணிவாரி விவரம் அழிந்து மொத்த எண்ணிக்கை மட்டும் மிஞ்சுகிறது. நமக்கு வேண்டியதே மணிவாரிதான், அதனால் தினமும் ராத்திரி ஒரு தடவை இணைத்துவிடுங்கள். ஆரம்ப இலக்கு 10,000 என்று அதுவே வைத்துக்கொண்டு, எட்டாத நாளில் சோகமுகம் காட்டுகிறது. இலக்கை 5,000 ஆக்கினேன், என் நிம்மதிக்காக. பேட்டரி எட்டு நாள் நிற்கிறது, பெட்டியில் போட்டிருப்பது பதினாலு. மழைத் தண்ணீர், சேறு எதுவும் ஒன்றும் செய்யவில்லை, அதற்கு ஒரு சபாஷ். பள்ளியில் கொடுக்கும் முன் கேமராவோ சிம்மோ இல்லை என்று எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள், கைக்கடிகாரத்தில் ஒட்டுக் கேட்கிற பயம் டீச்சர்களுக்கு இருக்கிறது, அதிலும் நியாயம் உண்டு.

வாங்கலாமா என்று கேட்டால், உங்கள் பிள்ளை தானாக வந்து பள்ளியில் நடந்ததைச் சொல்கிறவன் என்றால் வேண்டாம். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு பி.டி. பீரியட் நடக்கும்போது கேட்டுக்கு வெளியே நின்று பாருங்கள், 1,899 மிச்சம். சொல்லத் தெரியாத பிள்ளை என்றால் வாங்குங்கள், ஆனால் காலில் கட்டுங்கள், இரண்டு மாதம் போதும், அதற்கு மேல் எண்ணைப் பார்த்துக்கொண்டே இருக்கிற வியாதி நமக்குத்தான் வரும். 400 ரூபாய்க்கு இடுப்பில் மாட்டுகிற பெடோமீட்டர் கிடைக்கிறது, கணக்குப் பரவாயில்லை, ஆனால் எந்த மணிக்கு என்று அது சொல்லாது. ஐந்துக்கு மூன்று ஸ்டார் தருகிறேன். ஒன்று சிலிக்கோன் பட்டைக்காகக் குறைத்தது, இன்னொன்று அந்த 14,200க்காக.

போன வாரம் சார்ஜர் காணாமல் போய்விட்டது. தனியாகக் கேட்டால் 350 ரூபாய், வர பத்து நாள் ஆகுமாம். பேண்ட் இல்லாமல் பள்ளிக்கு அனுப்பினோம், வேன் ஏறும் முன்னால் சாக்ஸைக் கீழே இறக்கிக் காலைக் காட்டிக்கொண்டே நின்றான். வெறும் பட்டையை மட்டும் கட்டிவிட்டேன். ஏறிவிட்டான்.